மகள் தேறாத வருஷத்துச் சர்க்கரைப் பொங்கல்

போன வருஷம் மே மாதம் என் மகள் கோதை பன்னிரண்டாம் வகுப்பில் தேறவில்லை. மற்றப் பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். வேதியியல் மட்டும் போய்விட்டது. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்ததையும், ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார் எங்களைக் கைதூக்கி விட்டதையும் நம்பிக்கை உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்குச் சரளமாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தறி ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் தெருவில் ஒரு பஜனை மடம் உண்டு. சனிக்கிழமைதோறும் நாச்சியார் படத்துக்கு முன்னால் பஜனை நடக்கும். ஒவ்வொரு வாரமும் பிரசாதம் ஒரு குடும்பத்தின் உபயம். யார் உபயம், எதற்காக என்று மடத்து வாசலில் உள்ள கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். வேண்டுதல் நிறைவேறிய பிறகுதான் உபயத்துக்குப் பெயர் கொடுப்பார்கள். நான் முந்திக்கொண்டேன். ரிசல்ட் வருவதற்கு முன்பே, அதற்கு அடுத்து வரும் மூன்றாவது சனிக்கிழமையைக் கேட்டு வாங்கி, "மகள் கோதை பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதற்கு" என்று எழுதச் சொன்னேன். அதைப் பக்தி என்று நினைத்தேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரிசல்ட் அன்று மத்தியானம் சாப்பிட வந்தேன். அடுப்பு எரியவில்லை. "ஒரு பாடத்துல போயிருச்சு" என்றாள் என் மனைவி முத்துலட்சுமி. கோதை உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார நினைத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிடாமலே திரும்பத் தறிக்குப் போய்விட்டேன்.

அன்றைக்குச் சொல்லாததை அடுத்த நாளும் சொல்ல முடியவில்லை. நாள் ஆக ஆக வாய் இன்னும் இறுகிப்போனது. அவள் போனை அணைத்து வைத்துவிட்டாள். தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துபோவாள். எனக்கு உள்ளூரப் பயம். தறியில் நிற்கும்போது அவள் என்ன செய்கிறாளோ என்றே நினைப்பு ஓடும். கரும்பலகையைப் பார்க்காமல் இருக்க அடுத்த தெரு வழியாக வேலைக்குப் போனேன். இரண்டு சனிக்கிழமை பஜனைக்கும் போகவில்லை.

மூன்றாவது வாரம் அவள் தன் அம்மாவிடம், "மில்லுக்கு ஆள் எடுக்காகளாம்மா. திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாக, நான் போறேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் நர்ஸ் ஆவாள் என்று நினைத்திருந்தேன். அப்போதும் நான் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சன்னதியில் நாச்சியாரும் ரங்கமன்னாரும் கருடாழ்வாரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. "தாயே, உன் பெயரை வைத்த பிள்ளை. அவள் படிப்பு நின்றுவிடக் கூடாது" என்று வேண்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அதோடு நிறுத்தவில்லை. "நாளைக்குப் பஜனை நடக்காமல் பண்ணு. மழையாவது பெய்யட்டும்" என்றும் வேண்டினேன். மகளுக்காகப் போனவன் பாதி எனக்காகத்தான் நின்றேன்.

மழை பெய்யவில்லை. சாயங்காலம் உபயத்தை நிறுத்திவிடச் சொல்லலாம் என்று மடத்துச் செயலாளர் கோவிந்தராஜு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள், "வாலே! அரிசி, வெல்லம் எல்லாம் வந்தாச்சு. நெய்யை மட்டும் நல்லதா நீ வாங்கிட்டு வந்துரு" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வந்த வழியில் நெய்யும் வாங்கினேன்.

சனிக்கிழமை தனியாகத்தான் போனேன். பொங்கல் தயாராக இருந்தது. "கோதை எம்புட்டு மார்க்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துச் சமாளித்தேன். எங்கள் மடத்தில் தீபாராதனைக்கு முன்னால் உபயத்தின் காரணத்தை மைக்கில் வாசிப்பார்கள். எல்லோரும் சேர்ந்து "கோவிந்தா" சொல்வார்கள். அண்ணாச்சி வாசித்தார். "மகள் கோதை தேறியதற்காக..."

நாச்சியார் படத்தைப் பார்த்தேன். அவள் முன்னால் ஐம்பது பேரைப் பொய்க்குக் கோவிந்தா போட வைக்க எனக்குத் துணிவு இல்லை. கை தானாக உயர்ந்தது.

"தேறலை அண்ணாச்சி. ஒரு பாடத்துல போயிருச்சு. நான்தான் அவசரப்பட்டு எழுதச் சொல்லிட்டேன்."

மைக் பக்கத்தில் இருந்ததால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணாச்சி, "அப்ப எதுக்குலே பொங்கல்?" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பூக்கட்டும் ராமாயி அக்கா, "பொங்கலா பெயிலாச்சு? ஆறிப்போகுது, தீபத்தைக் காட்டுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரிசல்ட் வந்த பதினேழு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கிற சீனிவாசன், கோதை படிக்காத வேறொரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளராக இருக்கிறார். இலையில் பொங்கலை வாங்கிக்கொண்டே, "துணைத் தேர்வுக்கு எழுதிக் குடுத்தாச்சுல்லா?" என்று கேட்டார்.

"அது அக்டோபர்லதான?"

"அக்டோபரா? அதெல்லாம் அந்தக் காலம். அடுத்த மாசமே பரீட்சை. பாஸாயிட்டா இந்த வருஷமே காலேஜ்ல சேரலாம். திங்கட்கிழமை கடைசி நாளுன்னு எங்க போர்டுல ஒட்டிருக்கு. ஏலே, இத்தன நாள் என்ன செஞ்ச?"

என்ன செய்தேன்? அடுத்த தெரு வழியாக நடந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

பொங்கலைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன். கோதையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பஜனையில எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்மா" என்றேன்.

"என்னன்னு?"

"நீ பெயிலுன்னு."

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நீங்களா? எல்லாரு முன்னாலயுமா?"

"மைக்குல."

முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு கேட்டாள், "நான் பாஸாவேன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னா? எனக்கே தெரியாதே. அந்தப் போர்டைப் பாத்துட்டு எப்பிடி ஒங்க முகத்துல முழிப்பேன்?"

"தப்புதான்மா" என்றேன். திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அது முன்பே தெரியும். "நீங்க பேசவே இல்ல. படிச்சது போதும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். என் கூச்சம் அவளுக்குக் கோபமாகத் தெரிந்திருக்கிறது. இன்னும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருந்தால் அவள் மில் வாசலில் நின்றிருப்பாள்.

"எழுதிப் பாக்கியாம்மா? நீ வேண்டாம்னா விட்டுறலாம்" என்று கேட்டேன். "எழுதுதேன்" என்றாள். திங்கட்கிழமை தறிக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு பள்ளிக்கூடம் போனேன். விண்ணப்பம் கொடுத்து முடித்ததும் இருவரும் அங்கிருந்தே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். அந்த முறை நான் எதையும் கேட்கவில்லை.

துணைத் தேர்வில் தேறினாள். பெரிய மார்க் இல்லை, ஐம்பதைத் தொடவில்லை. நர்ஸ் படிப்புக்கு அது காணாது. கல்லூரியில் மீதம் இருந்த இடங்களைப் பார்த்து அவளே வரலாறு எடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல கெமிஸ்ட்ரி கிடையாதுப்பா" என்றாள். இப்போது இரண்டாம் வருஷம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சாயங்காலம் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கிறேன். சில நாள் சொல்வாள். சில நாள் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். கேட்பதை மட்டும் நான் விடுவதில்லை.

நான் கேட்ட மழையை நாச்சியார் தரவில்லை. நான் கேட்காத வாயைத் தந்தாள். அதன் வழியாகத்தான் மகள் திரும்பக் கிடைத்தாள்.

தேறாத பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நாச்சியாரிடம் போங்கள், மனசு விட்டு அழுங்கள். அப்படியே பக்கத்தில் நிற்கிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாம் சொல்லாமலே நாச்சியாருக்குத் தெரியும். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற பிள்ளைக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.