முப்பத்தெட்டு மஞ்சள் சட்டைகள்

கடிதம் வந்த நாளிலிருந்து இங்கிலீஷ் மிஸ்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு எல்லாப் பள்ளிக்கும் வந்துவிட்டது. அவள் வகுப்புப் பெண்கள் முப்பத்தொன்பது பேருக்கு மட்டும் வரவில்லை. காரணம் இரண்டே வரியில் இருந்தது. ஆங்கிலத் தாளில் முப்பத்தெட்டு பேர் ஒரே கட்டுரையை வார்த்தை பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். கூட்டாகக் காப்பி அடித்ததாகச் சந்தேகம். அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். உண்மை என்று ஆகிவிட்டால் மொத்த வகுப்புக்கும் ஒரு வருடம் போய்விடும்.

கட்டுரையின் தலைப்பு ‘நான் பயந்த ஒரு நாள்’. சந்தையில் தம்பி தொலைந்துபோகிறான். மஞ்சள் சட்டை போட்டிருக்கிறான். அக்கா கடை கடையாக ஓடுகிறாள். கடைசியில் அவன் குடை ரிப்பேர்க்காரர் பக்கத்தில் சாக்கின்மேல் தூங்கிக்கொண்டிருக்கிறான். இந்தத் தம்பி முப்பத்தெட்டு வீட்டிலும் அதே சட்டையோடு தொலைந்து, அதே சாக்கில் கிடைத்திருந்தான். கூடப்பிறந்தவர்களே இல்லாத பெண்கூடத் தம்பியைத் தேடி அழுதிருந்தாள். திருத்தியவருக்குத் தலை சுற்றியிருக்கும், பாவம்.

“பிள்ளைங்க காப்பி அடிக்கலன்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் என்னத்துக்கு இப்படிக் கிடந்து அல்லாடறே?” என்றார் வீட்டுக்காரர். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற மனிதர். எதையும் அந்தந்த அறையில் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது அவருக்கு.

“நான்தானே சொல்லிக் கொடுத்தேன். அதை எப்படி நிரூபிக்கறது?”

“சொல்லிக் கொடுத்தேன்னு சொல்லு.”

“அதைச் சொல்லத்தான் பயமா இருக்கு.”

பன்னிரண்டாம் வகுப்புவரை ஆங்கிலத்துக்கு அவள்தான். அவள் பாடம் நடத்துகிற முறை ஊருக்கே தெரியும். கவிதை என்றால் ஒரு தடவை படிப்பாள். தமிழில் அர்த்தம் சொல்வாள். கடினமான சொற்களைப் பலகையின் ஓரத்தில் எழுதுவாள். அதற்குமேல் கவிதைக்கு அந்த வகுப்பில் வேலை கிடையாது. “எழுதிக்கோங்க” என்று நோட்டை விரித்தால் ஐந்து கேள்வி, ஐந்து பதில். கவிஞர் ஏன் சோகமாக இருக்கிறார் என்று ஒருத்தி கேட்டதற்கு, “நாலாவது பதில்ல இருக்கு, உக்காரு” என்றவள் அவள். செவ்வாய்க்கிழமை தோறும் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காதவள் வகுப்பு வாசலில் நிற்க வேண்டும். இருபத்து நான்கு வருடமாக அவள் பாடத்தில் ஒருத்தி ஃபெயில் கிடையாது. பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

இது சோம்பேறித்தனத்தில் வந்த முறை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பயத்தில் வந்தது. கல்லூரியில் முதல் மாதம், பேராசிரியர் அவளை எழுப்பி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னார். ராத்திரியெல்லாம் படித்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளாமல் அவள் ஆங்கிலத்தில் வாயே திறந்ததில்லை. தலைமையாசிரியையிடம் லீவு கேட்பதற்குக்கூட உள்ளங்கையில் துண்டுச் சீட்டு இருக்கும். தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் எழுதியே கொடுத்துவிட்டாள்.

மற்றக் கட்டுரையெல்லாம் கைடிலிருந்து எடுத்தவை. தம்பி கட்டுரை மட்டும் அவளே எழுதியது. தொலைந்தது அவள் சொந்தத் தம்பி. பதினோரு தடவை அடித்துத் திருத்தி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாள். வினாத்தாளில் அந்தத் தலைப்பைப் பார்த்த அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதிகாரி வந்தார். அவளைவிட வயதில் சிறியவர், மூக்குக் கண்ணாடி, கையில் நாடா கட்டிய தாள்கட்டு. ஒரு வார்த்தை அதட்டவில்லை. மிஸ் உள்ளங்கைச் சீட்டைப் பார்த்து, கட்டுரையைத் தானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்ததாக ஒப்பித்தாள்.

“மனப்பாடம் பண்ணினதுன்னு சொல்றீங்க. சரி, பார்த்துடலாம்” என்றார். பிள்ளைகளை ஆய்வுக்கூடத்தில் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். பைகள் வெளியே. பலகையில் அதே தலைப்பு. இருபத்தைந்து நிமிடம். மிஸ் அந்தப் பக்கமே வரக்கூடாது.

தலைமையாசிரியை அறையில் மிஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தேர்வு முடிந்து இரண்டு மாதம் ஆயிற்று. மறந்திருப்பார்களோ? ஒருத்தி புத்திசாலித்தனமாகச் சட்டையைப் பச்சையாக்கிவிட்டால்? சந்தையை மாற்றிவிட்டால்? ‘கடவுளே, யாரும் சொந்தமா எழுதிடக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டுகிறோம் என்பது வேண்டி முடித்த பிறகுதான் உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் இருந்த சீட்டு வேர்வையில் ஊறிப்போயிருந்தது.

“தண்ணி குடிங்க மிஸ்” என்றார் தலைமையாசிரியை. குடித்தாள்.

அதிகாரி உள்ளே வந்து தாள்களை மேசையில் வைத்தார். “முப்பத்தெட்டு பேரும் அப்படியே எழுதியிருக்காங்க. அதே மஞ்சள் சட்டை, அதே சாக்கு. கமா கூட நகரல. இது காப்பி இல்ல. நாளைக்கே ரிசல்ட்டை விட்டுடச் சொல்றேன்.”

மிஸ்ஸுக்கு உயிர் வந்தது. சீட்டைப் பார்க்காமலே நன்றி சொன்னாள், தமிழில்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் நீங்க பார்க்கணும்” என்று அதிகாரி தனியாக ஒரு தாளை நீட்டினார். முப்பத்தொன்பதாவது பெண்ணுடையது. தேர்வில் எழுதியது. பத்துக்கு மூன்று மதிப்பெண். “இன்னிக்கும் இதே விஷயத்தைத்தான் எழுதினா. இன்னும் ரெண்டு வரி கூட.”

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. வகுப்பில் அவளுக்கு வாட்ச்மேன் என்று பெயர். செவ்வாய்க்கிழமை தவறாமல் வாசலில் நிற்பதால் வந்த பெயர். மிஸ்ஸே ஒன்றிரண்டு தடவை, “என்ன வாட்ச்மேன், டியூட்டிக்கு வந்தாச்சா?” என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். வரிக்கு வரி தப்பு. ஆனால் எல்லாம் புரிந்தது.

‘நான் பயப்படும் நாள் செவ்வாய். வீட்டில் எனக்குக் கட்டுரை வரும். அம்மாவிடம் சொல்வேன், பூனையிடம் சொல்வேன். மிஸ் முகம் பார்த்தால் எல்லாம் போய்விடும். எல்லோரும் சிரிப்பார்கள். நான் வாசலில் நிற்பேன். எனக்குத் தம்பி இல்லை. ஆனால் தம்பி தொலைந்தான் என்று சொல்ல வேண்டும். திங்கள் இரவு நான் சாப்பிட மாட்டேன்.’

மிஸ் மறுபடி முதலிலிருந்து படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து மங்கியது. முப்பத்தொன்பது தாளில் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது இதில் மட்டும்தான். அவளே திருத்தியிருந்தால் மூன்றுகூடப் போட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருடம் அந்தப் பேராசிரியரை மனதுக்குள் சபித்துக்கொண்டே, வாரத்துக்கு ஒருநாள் அவர் இடத்தில் போய் நின்றிருக்கிறாள். வெட்கத்தில் உடம்பு கூசியது.

“யாரோ தெரியாதவங்க திருத்துவாங்கன்னு நெனச்சு எழுதியிருக்கா” என்றார் அதிகாரி. “உங்ககிட்ட காட்டினது தப்பா சரியான்னு எனக்கே தெரியல.” தாள்களைக் கட்டிக்கொண்டு அவர் கிளம்பினார்.

வராந்தாவில் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். “மிஸ், என்னாச்சு மிஸ்?” “ஒரு வருஷம் போயிடுமா மிஸ்?”

“ஒண்ணும் போகாது. நாளைக்கு ரிசல்ட் வந்துடும். வீட்டுக்குப் போங்க.”

கூச்சலும் கைதட்டலுமாக அவர்கள் படியிறங்கினார்கள். வாட்ச்மேன் மட்டும் ஆய்வுக்கூடத்து வாசலில், பழக்கதோஷத்தில், நிலையை ஒட்டி நின்றிருந்தாள். மிஸ் அவள் பக்கத்தில் போனாள். எத்தனையோ சொல்ல நினைத்தாள்.

“உன் கட்டுரையைப் படிச்சேம்மா.”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. “சாரி மிஸ். அது சும்மா எழுதினது மிஸ். தம்பி கட்டுரை இப்ப எனக்கு முழுசாத் தெரியும்.”

“அதுக்கில்லம்மா…”

அவள் அதற்குள் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிவிட்டாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். சந்தை வந்தது, மஞ்சள் சட்டை வந்தது, தம்பி தொலைந்தான். போதும் என்று சொல்ல மிஸ் வாயெடுத்தாள். அந்தப் பெண் எங்கும் தடுக்காமல் குடை ரிப்பேர்க்காரர்வரை ஓடி, தம்பியைச் சாக்கிலிருந்து எழுப்பி, கடைசி வாக்கியத்தையும் முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

“அடுத்த வருஷம் நான் உள்ள உக்காரலாமா மிஸ்?”