அரை மணி நேரச் சூடு

என் தங்கையை எல்லோரும் முள்ளு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வயதில் பல் டாக்டரின் விரலைக் கடித்து இரண்டு தையல் போட வைத்தவள். போன வருடம் பேருந்தில் இடுப்பைத் தொட்டவனின் மூக்கைக் குடைப்பிடியால் உடைத்தாள். ஆறு வருடம் கப்பல்களிலும் ஓட்டல்களிலும் வேலை பார்த்துவிட்டு நான் வீடு திரும்பிய அன்று அவள் உதடு வீங்கியிருந்தது.

"படியில விழுந்தியா?"

"ஆமாக்கா. அப்பாங்கற படியில."

அப்பாவுக்கு அலுமினியத் தொழிற்சாலையில் உலை வேலை. அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அதைப் பார்த்ததும் அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். அவ்வளவு ஒழுங்கு.

முள்ளு அப்போது பள்ளிகளுக்கான அறிவியல் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். செருப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்ய வேண்டும். எண்பத்தைந்து டிகிரி வெந்நீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அதற்குள் வைத்து மூடினால், அரை மணி கழித்து எத்தனை டிகிரி மிச்சமிருக்கிறது என்பதற்குப் பாதி மதிப்பெண். எத்தனை மிச்சமிருக்கும் என்று முன்கூட்டியே சரியாக எழுதிக் கொடுப்பதற்கு மீதிப் பாதி. முதல் மூன்று பேருக்கு வெளியூரில் விடுதியோடு கல்லூரி இடம். அவளுக்கு வேண்டியது அந்த விடுதிதான்.

தெர்மாகோல், அலுமினியத் தாள், கிழிந்த ஸ்வெட்டர் என்று அடைத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வந்தது, பிறகு அறுபத்தொன்று. புதன்கிழமை மத்தியானம் அம்மாவின் கம்பளியை வெட்டி இன்னொரு சுற்று வைத்து, குடுவையை உள்ளே இறக்கி மூடினாள். இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். கையில் விடுதி விண்ணப்பம். மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறார்.

"யாரக் கேட்டு வெளியூர் போறே?"

கடிகாரம் மேசைக்கு வந்தது.

"நாலு நிமிஷம் பொறுங்கப்பா. இத முடிச்சுக்கறேன், அப்புறம் அடிங்க" என்றாள் முள்ளு. கிண்டலில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அப்பா அவள் தலைமுடியைப் பிடித்தார். அம்மா அன்றைக்கு ஜன்னலுக்குப் போகவில்லை, குறுக்கே விழுந்தாள். முழங்கையால் ஒன்று வைத்ததில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. நான் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். என்னைச் சுவரில் மோதத் தள்ளிவிட்டு, கீழே கிடந்த அம்மாவை மிதித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

முள்ளு பெட்டியைத் திறந்தாள். குடுவையைத் துணியால் பிடித்துத் தூக்கி வெந்நீரோடு அவர்மேல் வீசினாள்.

அப்பா அலறியதை நான் முதல் முறையாகக் கேட்டேன். கழுத்திலிருந்து தோள்வரை தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது.

"ஆறியிருக்கும்னு நெனச்சேன்க்கா" என்றாள் முள்ளு, வெறும் துணியைப் பிடித்தபடி. "கம்பளி வச்சத மறந்தே போய்ட்டேன்."

ஆஸ்பத்திரியில் அப்பா, "வேலையில வெந்நீர் தெறிச்சிடுச்சு" என்றார். மகள் ஊற்றினாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தண்ணீர் எவ்வளவு சூடு என்று நர்ஸ் கேட்டதும் முள்ளு அழ ஆரம்பித்தாள்.

"பாக்கல. பாக்காமயே ஊத்திட்டேன்."

கட்டிலில் குப்புறக் கிடந்த அப்பா முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "எழுபத்திரண்டு இருக்கும். எழுதிக்கோ."

"உங்க தோல நம்பியெல்லாம் எழுத முடியாதுப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அவர் கட்டிலுக்கு எதிரிலேயே முள்ளு தண்ணீரைச் சுட வைத்தாள். முப்பது நிமிடமும் அப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொன்று வந்தது. புருவத்தில் மூன்று தையலோடு அம்மா, அவர் பார்க்கும்படியே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் போட்டியில் முள்ளு ஒரு டிகிரி குறைத்தே எழுபது என்று எழுதிக் கொடுத்தாள். எழுபத்தொன்றரை வந்தது. இரண்டாவது இடம்.

விடுதிக்குக் கிளம்பும் காலை, "அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடி" என்றாள் அம்மா. முள்ளு போட்டிக்குச் செய்த பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கட்டிலருகே போனாள். அப்பா சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"காலிப் பெட்டிப்பா" என்றாள் அவள்.

கைகள் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது.