வள்ளி என்றால் எந்த வள்ளி?

காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் நான் ஸ்டாஃப் நர்ஸ். சென்ற ஆண்டு ஒரு மதியம், ஐயம்பேட்டையிலிருந்து நெசவுக்காரர் ஒருவர் தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

“காலைல நல்லாதான் ஆடிக்கினு இருந்தான்மா. வாந்தி மேல வாந்தி. இப்ப கண்ணே தொறக்க மாட்றான்.”

“என்ன சாப்ட்டான்?” என்று கேட்டார் டாக்டர்.

“வள்ளிக்கெழங்கு,” என்றார் மனைவி. “வேக வைக்க நறுக்கிட்டிருந்தேங்க. பச்சையாவே எடுத்துத் தின்னுட்டான்.”

எங்கள் ஊரில் வள்ளிக்கிழங்கு என்றால் சர்க்கரைவள்ளிதான். டாக்டரும் அஜீரணம் என்று நினைத்து, வாந்திக்கு ஊசி எழுதினார்.

சிரிஞ்சில் மருந்தை ஏற்றும்போது என் கை நின்றது. எனக்கும் அந்த வயதில் ஒரு மகன். சர்க்கரைவள்ளியைப் பச்சையாகவே கடித்துத் தின்பான், ஒன்றும் ஆனதில்லை. இவன் ஏன் இப்படித் துவண்டு கிடக்கிறான்? தேவையில்லாமல் சந்தேகப்பட்டு நான் திட்டு வாங்குவது வழக்கம். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

“கெழங்கு எங்க வாங்கனீங்க?”

“வாங்கலீங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கம்மா வீட்லருந்து வந்துச்சு.”

“தோல் எப்படிம்மா இருக்கும்?”

“நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி,” என்றார் சீனியர் சிஸ்டர். “மொதல்ல ஊசியப் போடு.”

அந்தப் பெண் பதில் சொன்னார். “மரப்பட்டை மாதிரிங்க. அதுக்குள்ள தடிமனா இன்னொரு தோல். ரெண்டையும் உரிக்கணும்.”

சர்க்கரைவள்ளிக்கு ஏது இரண்டு தோல்?

“சார், இவங்க சொல்றது மரவள்ளி!”

பச்சை மரவள்ளியில் சயனைடு விஷம் உண்டு. டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சிஸ்டர் அதற்குள் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டார். ஐவி லைன் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். டாக்டர் போனில் விவரம் சொல்லிவிட்டதால் பெரிய மருத்துவமனையில் தயாராகக் காத்திருந்தார்கள். பையன் பிழைத்தான்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் பேரத் தப்பா சொல்லிட்டனாம்மா?”

“இல்லம்மா. உங்கம்மா ஊர்ல அதுக்கு அதுதான பேரு.”

புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான். என்ன சாப்பிட்டான் என்பதோடு நிறுத்தாதீர்கள். அது எந்த ஊர்ப் பெயர், பார்க்க எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள். திட்டு விழுந்தால் விழட்டும். அன்று கேட்காமல் விட்டிருந்தால், உண்மையைச் சொல்லியும் அந்தத் தாய் தன் பிள்ளையை இழந்திருப்பாள்.