நெற்றியில் கயிறு விழுந்த இடம்

வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், கடைசி அறை, அதாவது காம்பரா, மீனம்மாவுடையது. அதற்கு முந்தியது எங்களுடையது. ஐந்தாம் வகுப்புவரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். அதற்குப் பிறகு நான் ஹட்டனுக்குப் படிக்கப் போனேன், அவள் தோட்டத்துப் பள்ளியோடு நின்று, பிறகு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். என்னைவிட அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். அவளுடைய அப்பா செத்துப்போனதும் அவள் அம்மா காளியாயி அத்தை தனியாக என்ன செய்வார்? பதினைந்து வயதில் மகளுக்குக் கூடையை மாட்டிவிட்டார்.

கூடையை முதுகில் போட்டு அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் முறை. முன்நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் கயிறு உட்காரும். கீழே எத்தனை மடிப்பு துணி வைத்தாலும் பாரம் அந்த ஒரே இடத்தில்தான் இறங்கும். பத்து வருடத்தில் அங்கே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்துவிடும், மேலே முடியும் தேய்ந்துபோகும். கன்னத்தில் விழும் மங்கு என்றால் பவுடர் போட்டு மறைக்கலாம். இதை மறைக்க முடியாது. எவ்வளவு நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாலும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான், இது தோட்டத்து ஆள் என்று.

என் அம்மாவுக்கும் அது இருந்தது. நான் ஆசிரியையாகி ஹட்டனில் அறை எடுத்துத் தங்கிய பிறகு, அம்மா என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் முக்காட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிடச் சொல்வேன். குளிருக்கு என்று காரணமும் சொல்வேன். அம்மா இழுத்துக்கொள்வார். இதைச் சொல்லாமல் மீனம்மாவின் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

2005 தீபாவளிக்கு, தோட்டத்தில் லீவு கேட்டு வாங்கி, ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் மீனம்மா இரண்டு வாரம் வேலை செய்தாள். கடையின் பின்னறையில் துணி மடித்து அடுக்குவது. அவள் மடித்த சேலையைப் பிரிக்கவே மனசு வராது, அப்படி இருக்கும். முதலாளி முத்துலிங்கத்துக்கு அவளைப் பிடித்துவிட்டது. கடைசி நாள் அவர் சொன்னதை அவள் என் அறைக்கு வந்து அப்படியே ஒப்பித்தாள்.

"வேல சுத்தமா செய்ற புள்ள. சித்திர வருசத்துக்கு முன்னால நிரந்தரமா ஆள் எடுக்கணும், ஒன்னய எடுக்க எனக்கு ஆசதான். ஆனா முன்னால நிக்கிற ஆளுக்கு மொகம் முக்கியம். அந்த நெத்தியில கெடக்குறத எப்புடியாவது போக்கிக்கிட்டு வா, பாப்போம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே நெற்றியோடு வருகிற தோட்டத்துப் பெண்கள். அவர்களுடைய காசு இனிக்கிறது, நெற்றி கசக்கிறதா? கத்தினேன். அவள் கோபப்படவில்லை.

"கத்தி என்னா ஆகப் போகுது அழகு? மழ பேஞ்சா ஒரு கூரைக்குக் கீழ நிக்கணும். எனக்கு அம்புட்டுதான் வேணும். ஹட்டன்ல ஒரு ரூம் எடுத்து அம்மாவையும் கூட்டியாந்துருவேன்."

என் பெயர் அழகம்மா. நாலு பேர் முன்னால் அவள் என்னை டீச்சர் என்பாள். தனியாக இருந்தால் அழகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கண்டியில் ஒரு தனியார் கிளினிக்குக்கு மாதம் இரண்டு தரம் கொழும்பிலிருந்து டொக்டர் வருகிறாராம். மங்கு, மச்சம், தழும்பு, தேவையில்லாத முடி எல்லாவற்றுக்கும் லேசர். அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்த காதுத் தோட்டை விற்றாள். காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு, பெப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை என்னோடு ரயில் ஏறினாள். அவளுக்குச் சிங்களம் கேட்டால் புரியும், பேச வராது. அதற்குத்தான் நான்.

டொக்டர் நல்ல மனிதர். விளக்கை இழுத்துவைத்து, கையுறை போட்ட விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். இது எப்படி வந்தது, இவர் என்ன வேலை செய்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் மீனம்மாவைப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் முணுமுணுத்தாள்.

"பொறந்ததுலேர்ந்து இருக்குன்னு சொல்லு. வீட்லதான் இருக்கேன்னு சொல்லு. மலைக்குப் போறத சொல்லிறாத, கேவலமா பாப்பாங்க."

எந்த வெட்கத்தைத் துடைத்தெறிய அங்கே போனோமோ, அந்த வெட்கம் எங்களுக்கு முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எனக்கு அந்த நேரம் அது தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்துதான் இருந்தது. பிறவி அடையாளம் டொக்டர், வீட்டில்தான் இருக்கிறார் என்று அழகான சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் இன்னும் ஒரு தரம் நெற்றியைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார்.

கண்ணுக்குக் கறுப்பு மூடி போட்டுப் படுக்கவைத்தார்கள். டிக் டிக் என்று ஒரு சத்தம், முடி கருகும் வாசம். ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்து விட்ட மாதிரிச் சுள்ளென்றதாம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்ததும் டொக்டர் ஒரு விசயத்தை மூன்று தரம் சொன்னார். மூன்று மாதத்துக்கு அந்த இடத்தில் வெயில் படக்கூடாது, எதுவும் உரசக்கூடாது. எங்கள் மாதிரி நிறத்துக்கு வெயில் பட்டால் முன்னைவிட மோசமாகக் கறுக்கும்.

"தொப்பிகூடப் போடக்கூடாதாம்" என்றேன்.

"தொப்பியா!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

தோட்டத்து மருந்துக்காரரிடம் காய்ச்சல் என்று லீவுத் துண்டு வாங்கிப் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பொருக்கு உதிர்ந்தது. பதினோராம் நாள் நான் போனபோது கையில் கண்ணாடியோடு கதவைத் திறந்தாள். கறுப்பு போய்விட்டிருந்தது! இளஞ்சிவப்பாக, குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. படுக்கையில் கிடந்த காளியாயி அத்தை, வாதத்தில் இழுத்துக்கொள்ளாத ஒரு கையால் மகளின் நெற்றியைத் தொடப் போனார். "தொடாதம்மா, ஒரசக்கூடாது" என்று பின்னால் நகர்ந்தாள்.

மறுநாள் கங்காணி செல்லசாமி வாசலுக்கு வந்தார். கொழுந்து நிறைய வரும் பச்சை காலம், பறிக்காமல் முற்றுகிறது, ஆள் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே உள்ளவர்கள் சொன்னதைச் சொன்னார்.

"காய்ச்சலுக்குப் பத்து நாள் குடுத்தாச்சு. நாளைக்கு விடிய பேர் கூப்புடுற பெரட்டுக்கு வரலன்னா பேர வெட்டச் சொல்லிட்டாரு தொர. வீட்ல வேற பேரும் இல்ல. காம்பராவ எழுதி வாங்கிருவாங்க மீனம்மா. அம்மாவத் தூக்கிக்கிட்டு எங்க போவ?"

ஒரு வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்தில் பேர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு தலைமுறை இருந்த காம்பராவும் நமதில்லை. கடை வேலை கிடைக்கும்வரை மலைக்குப் போயாக வேண்டும். மலைக்குப் போனால் நெற்றி போகும். நெற்றி போனால் கடை வேலை இல்லை. நான் ஒரு முட்டாள், ஆசிரியை வேறு. மூன்று மாதம் என்று டொக்டர் சொன்னபோதே இதை யோசித்திருக்க வேண்டியவள் நான்.

அவள் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தாள். கயிற்றைத் தோளில் மாட்டிப் பார்த்தாள். சரிவில் கூடை ஒரு பக்கமாக இழுத்து, அவளும் கொழுந்துமாக வாய்க்காலில் விழுந்தாள். நிறை குறைந்து அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழுந்தது. தொடர்ந்து அரைப் பேர் என்றால் அதுவும் ஒரு புகார். நாலாம் நாள் கயிறு தலைக்கே போனது. பழைய சேலையை எட்டாக மடித்து அடியில் வைத்தாள். தலையில் போடும் கொங்காணித் துணியைக் கண்வரை இழுத்துவிட்டாள். பெப்ரவரி, மார்ச்சில் எங்கள் பக்கம் விடியற்காலை பனி கொட்டும், பத்து மணிக்கு மேல் வெயில் தோலை உரிக்கும். புதுத்தோல் எத்தனை நாள் தாங்கும்? வியர்வையில் துணி ஊறி, புண்ணாகி, சீழ் வைத்தது.

சித்திரை வருசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பழைய பட்டை இருந்த இடத்தில் மூன்று விரல் அகலத்துக்கு மை மாதிரிக் கறுப்பு. நடுவில் திட்டுத்திட்டாக வெள்ளை. அந்த நெற்றியில் பவுடரை அப்பிக்கொண்டு கடைக்குப் போனாள். போகாதே என்றேன், கேட்கவில்லை. முத்துலிங்கம் திட்டவில்லை. "முந்தியே பரவால்லயே மீனம்மா" என்றாராம். பிறகு பாவப்பட்டு ஒரு சேலையை எடுத்து நீட்டினாராம். அவள் வாங்காமல் வந்துவிட்டாள். கடையில் முன்னால் நின்ற புதுப் பெண் நல்ல சிவப்பு என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

மனசு கேட்காமல், சித்திரை வருசம் கழிந்து அவளைத் திரும்பவும் கண்டிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் பார்த்ததும் முகம் மாறினார்.

"வெயிலில் போனாரா? இந்த இடத்தில் என்ன உரசியது?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே மீனம்மா பேசினாள். அவளுக்கு வராத சிங்களத்தில், தரையைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மம தே தளு கடனவா, டொக்டர் மாத்தயா." நான் கொழுந்து பறிக்கிறேன் ஐயா. பிறகு இரண்டு கையாலும் நெற்றியில் கயிறு மாட்டிக் காட்டினாள்.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"முதலிலேயே சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். கயிறு இருக்கும்வரை இது போகாது. வெள்ளை விழுந்த இடம் இனிச் சரிவராது." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிறவி அடையாளம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நீங்கள் இவருக்கு என்ன வேண்டும்?"

என் அம்மா இருந்த லயம். அடுத்த காம்பரா. ஒரே பெஞ்ச். எல்லாம் தொண்டைவரை வந்தது.

"உறவு ஒன்றும் இல்லை டொக்டர். நான் ஹட்டன் டவுனில் ஆசிரியை. பாவம் என்று கூட்டிவந்தேன்" என்றேன்.

அவளுக்குச் சிங்களம் கேட்டால் புரியும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை நெற்றிக்கு இழுத்துவிட்டு எழுந்தாள்.

ரயிலில் ஜன்னல் பக்கம் எனக்கு இடம் பிடித்துத் தந்தாள். நாவலப்பிட்டியில் வடை வாங்கி, எண்ணெய் வடியக் கடதாசியில் பிழிந்து என் கையில் வைத்தாள். பெட்டியில் எங்கள் பக்கத்தில் யாருமே இல்லை.

"சாப்புடுங்க டீச்சர், ஆறிப்போயிரும்" என்றாள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. காளியாயி அத்தை போய்விட்டார். மீனம்மா இன்னமும் மலைக்குத்தான் போகிறாள். நான் லயத்துக்குப் போனால் தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள், பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்கிறாள். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள்.