ஐஸ் லாரியில் வந்த சேதி

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறும் யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்கின்றன. எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் வரும். மற்றதை நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலையிலிருந்து இறால் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவை, அதில் சிக்கியிருந்த வலக்கடியன் பாம்பு கடித்துவிட்டது. வலி இல்லையென்று அதை உதறிவிட்டு, மிச்ச இறாலையும் பிரித்து முடித்தாள். பொழுது சாய்வதற்குள் இமை தொங்கியது, மூச்சு திணறியது. நைனா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சேதி வர ஒரே வழி, விடியலில் இறால் ஏற்றிப் போய் மத்தியானம் திரும்பும் ஐஸ் லாரி. ரோட்டில் நின்று டிரைவரிடம் கேட்டு வந்து சித்தப்பாவிடம் சொல்வது என் வேலை. ஊரே என் வாயைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் மிதப்புதான்.

ஐந்தாம் நாள் டிரைவர் சொன்னார்: "உங்கம்மா கண்ணத் தொறந்துச்சு பாப்பா. தொண்டைல கொழாய் கீது, மிஷினுதான் மூச்சு வுடுது. உன்னப் பாக்கணும்னு கையக் காட்டுதாம். நாளைக்கு என் வண்டில ஏத்தி அனுப்பச் சொன்னாரு நைனா. சித்தப்பாகிட்ட சொல்லிடு, இன்னா?"

மறுநாள் எங்கள் பாடு. ஏரியில் மீன் விழும் இடங்களில் வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். அந்த முறை என்னையும் படகில் ஏற்றுவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார்.

"அம்மா கண்ணத் தொறந்துட்டாங்களாம்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மறுநாள் வலை கனத்தது. படகு முனையில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பு கரைக்கே கேட்டதாம். அதற்கு மறுநாள் லாரியில் நைனா வந்தார், அம்மாவோடு.

"புள்ளய அனுப்பச் சொன்னனே, பாடுதான் பெருசாப் போச்சா உனுக்கு?" என்று தம்பியைக் கேட்டார். சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் சாகும்வரை அண்ணனும் தம்பியும் ஒரே படகில் ஏறவில்லை.

மூச்சு விடும் வேலையை மிஷின் பார்த்துக்கொண்டால் அம்மா சும்மா படுத்துச் சீக்கிரம் தேறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்த பிறகும் ஒருத்தி செத்துப்போவாள் என்று எனக்குத் தெரியாது.

எழுதிட்டியாடி? மொதல்லேர்ந்து படி. டிரைவர் சொன்னத ஒண்ணுகூட வுடாம எழுதிக்கீறியான்னு பாக்கணும்.