பத்திநாதன் சீடி பிளேயர் வாங்கிய கதை

பத்திநாதனுக்குத் தன் காதைப் பற்றிப் பெரிய எண்ணம் இருந்தது. ஒரு காலத்தில் நானாட்டான் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். "சத்தமெண்டா என்னட்டக் கேளுங்கோ" என்று எங்கேயும் சொல்லித் திரிவார். யாரும் கேட்டதில்லை என்பதை அறுபத்திரண்டு வயதில் அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார். அந்தத் தொழிலில் மிஞ்சியவை ஓர் அம்பிளிபயரும் இடுப்பளவு உயரமான இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். இப்போது அவற்றின் மேல் மனைவி லூர்தம்மா பின்னிய விரிப்பு. விரிப்பின் மேல் மாதா சுரூபம். பாட்டுப் போடத்தான் ஒன்றும் இல்லை. பழைய பிளேயர் எப்போதோ செத்துவிட்டது.

திடீரென்று பிளேயர் தேவைப்பட்டதற்குக் காரணம் லூர்தம்மாவின் தொண்டை. இரண்டு வருடத்துக்கு முன் சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் திரும்பவில்லை. ரகசியம் சொல்வதுபோலத்தான் பேச முடிந்தது. பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றவர், இப்போது பூசையில் கடைசி வாங்கில் உட்கார்ந்து உதட்டைக்கூட அசைப்பதில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல் பத்திநாதன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் பங்குச் சாமியார் பாடகர் குழுவை வைத்து ஒரு சீடி வெளியிட்டிருந்தார். அதில் முதல் பாட்டே லூர்தம்மாவுடையது. தெரிந்த வேறு யாரிடமும் இப்போது அது இல்லை; மிஞ்சியது அவர்கள் வீட்டு அலுமாரியில் இருந்த உறை ஒன்றுதான். அந்தக் குரலை அவருக்கே ஒருதரம் கேட்கக் கொடுக்கவேண்டும் என்று பத்திநாதன் முடிவெடுத்தார்.

முடிவெடுத்த மனிதர் அடுத்த நாளே போய் ஒன்றை வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் நிபுணர் அல்லவா? மன்னார் பட்டினத்தில் நௌஷாட்டின் கடைக்கு ஜப்பானிலிருந்து பாவித்த சாமான்கள் வரும். அங்கே மூன்று மாதத்தில் ஐந்து தடவை போனார். கையில் இருந்தது பதினையாயிரம் ரூபாய். வாயில் இருந்தது இரவிரவாக யூடியூப்பில் பார்த்த அறிவு. ஒவ்வொரு பிளேயருக்கு முன்னாலும் கண்ணை மூடி, நாடியைத் தடவிக்கொண்டு நிற்பார்.

"இதில மேல் சத்தம் கொஞ்சம் கூர், தம்பி."

"அண்ணே, அது இன்னும் போடேல்ல. அது ரோட்டில போற ஓட்டோ" என்றான் நௌஷாட்.

ஐந்தாம் தடவை, மெல்லிய வெள்ளி நிறப் பெட்டி ஒன்றைத் தெரிவுசெய்தார். நௌஷாட் பேரம் பேசாமலே கொடுத்துவிட்டான். நிம்மதி அவனுக்கும் வேண்டுமே.

வீட்டுக்கு வந்து வயர் எல்லாம் கொளுவி, லூர்தம்மாவைக் கதிரையில் இருத்தி, அலுமாரியிலிருந்து சீடி உறையை எடுத்துத் திறந்தார். உறைக்குள் ஒன்றும் இல்லை.

"ஆந்தை மாதிரி முழிக்கிறியள். மறந்துபோச்சே?" என்றார் லூர்தம்மா மெல்லிய குரலில். "கட்டுக்கரை வயலில குருவிக்குக் கட்டினனீங்கள்."

பத்திநாதனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. லூர்தம்மாவின் தொண்டை வருத்தம் தெரியவருவதற்கு முந்திய பெரும்போகம். கதிர் பால் பிடிக்கிற நேரம் குருவி மொய்த்தது. வீட்டில் கிடந்த சீடி எல்லாவற்றையும் நூலில் கோத்து வயல் முழுக்கத் தொங்கவிட்டார். வெயிலில் அவை மினுங்கியதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர்களுக்கு விளக்கம் வேறு கொடுத்தார். இந்தப் பாட்டுச் சீடியை மட்டும் விடுங்கோ என்று லூர்தம்மா அன்று கேட்டிருந்தார். அதற்கு அவர் சொன்ன பதிலும் இப்போது ஞாபகம் வந்தது: "பாடுற ஆளே வீட்டில இருக்கு. பிறகேன் சீடி?"

அன்று தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்ததை எண்ணி வெட்கத்தில் குறுகிப்போனார்.

கொட்டிலில் விதைநெல் சாக்குக்குப் பின்னால் சீடிக் கோவை கிடந்தது. ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்து, மாதா படம் பாதி அழிந்துபோன ஒன்றைக் கண்டெடுத்தார். கீறல் இல்லாத இடம் அதில் குறைவு. வெள்ளிப் பெட்டி அதை விழுங்கி, கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்து, சீடி இல்லை என்று காட்டித் துப்பிவிட்டது.

மறுநாள் ஆறாம் தடவையாகக் கடைக்குப் போனார். இம்முறை ஒரு நிபுணத்துவமும் பேசவில்லை.

"தம்பி, இதை எது படிக்குதோ அதைத் தா. வடிவு வேண்டாம், சத்தம் வேண்டாம்."

நௌஷாட் அவர் முகத்தைப் பார்த்தான், பகிடி விடவில்லை. ஒவ்வொரு பெட்டியாகப் போட்டுப் பார்த்தார்கள். விலை கூடியவை எல்லாம் உடனே கைவிட்டன. கடைசியில் நௌஷாட் மேசைக்குக் கீழே கால் வைக்கிற பெட்டியை இழுத்தெடுத்தான். அதுவும் ஒரு பிளேயர்தான். மூடியை விரலால் தள்ளித்தான் சாத்தவேண்டும். நிறையநேரம் கரகரத்தது. பிறகு லூர்தம்மா பாடத் தொடங்கினார். பத்திநாதன் கடை நடுவில் நின்று அழுதார். வெள்ளிப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்தப் பழைய பெட்டியைக் கொடுத்த நௌஷாட், மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்தான்.

அன்று மாலை வீட்டில் அந்தக் குரல் நிறைந்தது. லூர்தம்மா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். முதல் அடிகள் முடிந்ததும் ஓர் ஆண்குரல், தகரத்தை இழுத்ததுபோல, பாட்டுக்குள் புகுந்தது. பாட்டுப் பதிவான நாளில் ஒலிவாங்கி பிடிக்க வந்த பத்திநாதன் கேளாமலே சேர்ந்து பாடியிருந்தார். பாட்டுக்கு உயிர் கொடுத்தது தான்தான் என்று இருபது வருடமாகச் சொல்லியும் வந்தவர். சீடி சரியாக அந்த இடத்தில் சிக்கி, அவர் குரலையே திரும்பத் திரும்பக் கத்தியது. மற்றப் பாட்டுகள் எதுவும் பாடவில்லை.

லூர்தம்மா எட்டி அவர் கையைப் பிடித்தார். "திருப்பிப் போடுங்கோ. உங்கட குரல் வரமுதல் நிப்பாட்டுங்கோ."

அன்றுமுதல் பத்திநாதனுக்கு மாலையில் அதுதான் வேலை. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, தன் குரல் வருவதற்கு ஒரு மூச்சு முந்தி நிறுத்திவிடுவார். அந்தக் காதுக்கு அவ்வளவு திறமை உண்டு. நாலாம் நாள் லூர்தம்மாவின் உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைவதைக் கண்டார். பார்த்துக்கொண்டே இருந்ததில் பொத்தானை மறந்துபோனார். தகரக் குரல் வீட்டையே அதிரவைத்தது. லூர்தம்மா சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.