அமெரிக்க எம்.பி.க்குச் செய்த குத்துவிளக்கு

அம்மாவுக்கு இரண்டாவது முறையும் விசா கிடைக்காமல் போன அன்று சாயங்காலம் அமெரிக்காவிலிருந்து அக்கா போன் செய்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவள் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தாய்வீடு அவளைத் தேடிப் போவது என்று முடிவாகியிருந்தது. தாய்வீடு என்றால் அம்மாதான், வேறு யார்? விசா கொடுக்கிறவர்களுக்கோ அம்மா திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை வரவில்லை. தி.நகரில் கடை, மயிலாப்பூரில் வீடு, கல்யாணமாகாத நான், இத்தனையையும் விட்டுவிட்டு அம்மா எங்கே ஓடிவிடப்போகிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை.

"எங்க ஊரு எம்.பி.க்கு எழுதப்போறோம்," என்றாள் அக்கா.

அப்பாவுக்கு அங்கேயே தலை சுற்றிவிட்டது. அத்தானுக்கு அந்த ஊரில் ஓட்டுக் கிடையாது. "ஓட்டில்லாதவன் எழுதுனா எந்த எம்.பி. படிப்பான்?" என்றார். சிபாரிசு என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியும். ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்து, விடிகாலையில் பழத்தட்டோடு ஒரு பெரிய வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். தபால்தலை ஒட்டிக் கடிதம் போட்டால் காரியம் நடக்கும் என்பது அவர் கேள்விப்படாத சங்கதி.

ஆனால் நடந்தது. எம்.பி. விசா அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை அக்கா ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட்டாள். சட்டத்துக்கு உட்பட்டு இந்தத் தாயின் மனுவை மறுபடி பார்க்க வேண்டுகிறேன் என்று இருந்தது. அப்பா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

"ஏட்டி, விசா குடுங்கன்னு எந்த வரில இருக்கு?"

"அப்படி எங்கயும் இல்லப்பா."

"பொறவு இது என்ன சிபாரிசு?"

ஆனாலும் அடுத்த வாரமே விசா அலுவலகத்திலிருந்து அம்மாவை மறுபடி வரச்சொல்லி, ஏழு வாரம் தள்ளி ஒரு தேதி வந்தது. அன்றிலிருந்து அந்த எம்.பி. எங்கள் வீட்டில் 'அவுக' ஆகிவிட்டார்.

அப்பாவுடையது பாத்திரக்கடை. எங்கள் குடும்பத்தில் நன்றி என்பது வாயால் சொல்கிற விஷயமே இல்லை. நல்லது செய்தவருக்கு ஐந்துமுகக் குத்துவிளக்கு ஒன்று, அதன் அடித்தட்டில் அவர் பேரை வெட்டிக் கொடுத்தாக வேண்டும். என் பள்ளித் தலைமையாசிரியை வீட்டில் ஒன்று இருக்கிறது. அக்காவின் டைபாய்டைக் குணமாக்கிய டாக்டர் வீட்டில் இரண்டு.

எம்.பி. தன் தொகுதியில் வீட்டுக்கு வீடு அனுப்பும் நாலு பக்கத் தாள் ஒன்றையும் அக்கா கடிதத்தோடு வைத்திருந்தாள். அதைப் படித்து, அவருடைய வாழ்க்கையை விளக்கில் வெட்டுவதற்கு நாலு வரியில் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு. பால்பண்ணைக்காரர் மகன். போருக்குப் போய்க் காலில் குண்டு வாங்கியவர். சரித்திர வாத்தியார். பிறகு ஒரு தேர்தலில் ஜெயித்தவர், அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல், முப்பது வருஷமாக ஜெயம். ஒரு படத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றார். இன்னொன்றில் ஒரு கிழவியின் பென்ஷன் காகிதத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"பின்னால ஒருத்தனையும் காணோமே!" என்றார் அப்பா. முப்பது வருஷம் ஜெயித்த மனுஷன் தனியாக நிற்கும் படம் அவரை என்னவோ செய்தது. போதாக்குறைக்கு அங்கே ஜனாதிபதி வேறு கட்சியாம். "ஆட்சி அவங்கது. இவுக எழுதுனா அதிகாரி கேப்பானா?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன கண்டேன்!

கடையில் பேர் வெட்டுகிறவர் பட்டினப்பாக்கத்துக்காரர். சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவார். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாமா இது, முப்பது வருசமா ஜெயிச்சிக்கினே கீறாரு, ஒரு தபாகூட மந்திரி ஆவலியா?"

"அங்க எம்.பி.யா இருக்கறவங்க மந்திரி ஆக முடியாதாம்."

"அப்பால இன்னாத்துக்கு நிக்கிறாரு?"

நாலு வரிக்கும் அடித்தட்டில் இடமில்லை என்றார். வாத்தியார் வேலையை எடுத்துவிட்டோம். மாடு போயிற்று, போரும் காலில் பட்ட குண்டும் போயின. கடைசியில் ஒரு பேரும், 'முப்பது ஆண்டு மக்கள் தொண்டு' என்ற ஒரு வரியும் மிஞ்சின. அந்த எம்.பி.க்குத் தமிழ் படிக்கத் தெரியாதே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

விளக்கைப் பழைய துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, மேலே காடாத்துணி தைத்து, அரக்கு முத்திரை வைத்து, தாளில் இருந்த எம்.பி. அலுவலக முகவரிக்கே அப்பா விமானத்தபாலில் அனுப்பினார். அக்காவிடம் சொல்லவில்லை. தானாகத் தெரிந்து சந்தோஷப்படட்டும் என்றார்.

விசா தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது விளக்கு திரும்பி வந்துவிட்டது.

கூடவே ஒரு கடிதம். உங்கள் அன்புக்கு மிக்க நன்றி, இவ்வளவு அழகான விளக்கை நான் பார்த்ததில்லை, ஆனால் உங்கள் குடும்பத்தின் மனு எங்கள் கையில் இருக்கும்போது பரிசு வாங்கிக்கொள்ள விதி இடம் தரவில்லை. கீழே நீல மையில் கையெழுத்து.

அப்பா கல்லாவை விட்டு எழுந்து வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் நிச்சயித்த கல்யாணம் முறிந்தால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. வாங்கிய தட்டையும் பாத்திரத்தையும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். கடையில் வாங்கிய சீர் அப்படித் திரும்பி வந்து அப்பா பார்த்திருக்கிறார்.

"கைய எடுத்துட்டாரு," என்றார். 'அவுக' போய்விட்டது. "இப்பப் போயி நின்னு மூணாந்தடவயும் இல்லைன்னுட்டா, பொறவு ஆயுசுக்கும் கிடையாதாம். கடைத்தெருவுல எல்லாரும் சொல்லுதாங்க."

"அது சும்மா ஒரு விதிப்பா."

"ஒரு வெளக்கு வாங்கக்கூடாதுன்னு விதியா? எம்.பி.க்கா?" என்று என்னையே பார்த்தார். "உறுதியாச் சொல்லுவியா? உன்ன நம்பி அம்மாவ அனுப்பட்டுமா?"

கடிதத்தை மறுபடி படித்தேன். நன்றி என்றும் இருந்தது, முடியாது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் எதை நம்புவது? அக்காவிடம் கேட்டுவிடலாம் என்று நான் சொன்னதற்கு, எட்டாம் மாதத்தில் இருக்கிறவளிடம் இதையா சொல்வது என்று அப்பா தடுத்துவிட்டார்.

அம்மாவின் பெட்டி ஒரு மாதமாகத் தயாராக இருந்தது. பிரசவ லேகியம், பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் தைத்த குழந்தைத்துணி, வசம்பு. போக வேண்டாம் என்று அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போன என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு வெளக்க வேண்டாம்னாரா, என்ன வேண்டாம்னாரா?"

"தெரியலம்மா," என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. விளக்கைத்தான் என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறாள்.

தேதி போயிற்று. ஆறாம் நாள் அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அம்மா ஏன் போகல? எம்.பி. ஆபீஸ்லேர்ந்து எனக்கு போன் பண்ணிக் கேக்கறாங்க. விசா ஆபீஸ்ல அன்னைக்குக் குடுத்துடறதாத்தான் இருந்தாங்களாம். அம்மா பேரக் கூப்பிட்டுப் பாத்திருக்காங்க!"

அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நான் விளக்கின் கதையைச் சொல்லச் சொல்ல அக்கா அழுதாள். எம்.பி. எல்லோரிடமும் இப்படித்தானாம், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கேக்கைக்கூட வாங்கவில்லையாம். காரியத்தையும் செய்து கொடுத்துவிட்டுக் கேக்கையும் திருப்பித் தருகிற மனுஷன் எப்படி முப்பது வருஷம் ஓட்டு வாங்கினார் என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

இன்னொரு தேதி கேட்டு எழுதினோம். அது வருவதற்குள் குழந்தை அவசரப்பட்டுவிட்டது. பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே அக்கா தானே எழுந்து ரசம் வைத்துக்கொண்டாள் என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

பேர் வெட்டிய விளக்கை யாருக்கும் விற்க முடியாது. பழைய பித்தளையோடு போட்டுவிடும்படி அப்பா கடையில் சொல்லியிருந்தார். தீபாவளிக்குத் தவிர கடைப்பக்கமே வராத அம்மா, அதைக் கேள்விப்பட்ட மறுநாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாங்கள் கடை அடைத்து வந்தபோது அது சாமி படங்களுக்கு முன்னால் ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா செருப்பைக் கழற்றியபடியே அதைப் பார்த்துவிட்டார்.

"ஊரான் பேரு வெட்டுன வெளக்க யாராவது வீட்டுல ஏத்துவாளா?"

அம்மா திரும்பவில்லை. ஒரு திரியைத் தூண்டிவிட்டாள்.

"அவராச்சும் என்னப் போகச் சொன்னாரு," என்றாள்.